வில்பிரட் சாரின் காது

எங்கள் கார்மேல் என்கிளேவில் இருபத்து நான்கு வீடுகள். இருபத்து மூன்று வீட்டுக்காரர்களுக்குச் சாதாரணக் காது. பி பிளாக் முதல் மாடியில் இருக்கும் வில்பிரட் சாருக்கு மட்டும் விசேஷமான காது. அதைக் கண்டுபிடித்தவர் அவரேதான். அசோசியேஷன் செயலாளர் ஆன பிறகு அதை மைக் பிடித்தும் சொல்ல ஆரம்பித்தார்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து நான்கு வயது. ஓய்வுக்குப் பிறகு சிலர் மாடித்தோட்டம் போடுவார்கள், சிலர் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார்கள். இவர் ஸ்பீக்கர் வாங்கினார். ஹாலில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், எதிரே ஒரே ஒரு நாற்காலி. அதில் அவரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தாலும் பயனில்லை, அதற்கென்று காது வேண்டாமா என்பார். அவர் பாட்டுக் கேட்கிற நேரத்தில் அவர் மனைவி ரத்தினபாய் கடுகு தாளிக்கக் கூடாது. அஸ்தினாபுரம் முழுக்க மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். அந்த வீட்டில் மட்டும் குழம்பு தாளிதத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

ஒருமுறை என்னைக் கூப்பிட்டு ஒரு சர்ச் ஆர்கன் இசைத்தட்டைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு, விரலை உச்சந்தலைக்கு மேலே தூக்கி, மனுஷக் காதுக்கு எட்டாத இடத்தில் ஒரு காற்று நிற்கிறது, கேட்கிறதா என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். எனக்குத் தெரிந்த காற்று மின்விசிறிக் காற்று மட்டும்தான்.

ஏன் ஆமாம் என்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பெயர் அமலராணி. குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கும் பிளஸ் டூவுக்கும் பிசிக்ஸ் எடுக்கிறேன். ஐம்பத்து நான்கு வயது, தனி ஆள். சாயங்காலம் என் வீட்டில் எட்டுப் பெண்களுக்கு டியூஷன். குடியிருப்புக்குள் தொழில் செய்யக் கூடாது என்று எங்கள் அசோசியேஷனில் ஒரு விதி உண்டு. வில்பிரட் சார் அந்த விதிக்குக் கண்ணை மூடிக்கொண்டார். நான் பதிலுக்கு வாயை மூடிக்கொண்டேன். இருபது வருடம் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவளின் விலை அவ்வளவுதான்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், கேட்டருகே படுத்திருக்கும் மூன்று நாய்களில் ஒன்று வில்பிரட் சாரைப் பார்த்துக் குரைத்தது. கடிக்கவில்லை, துரத்தவில்லை. குரைத்தது, அவ்வளவுதான். அவர் கையிலிருந்த பால் பாக்கெட் கீழே விழுந்து உடைந்தது. வாட்ச்மேன் பார்த்துவிட்டார். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஆன்லைனில் ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. நாய் விரட்டி. நொடிக்கு இருபத்தையாயிரம் அதிர்வுள்ள ஒலியை எழுப்புமாம். மனிதக் காதுக்கு அது கேட்காது, நாய்க்கு மட்டும் கேட்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. காலை ஆறிலிருந்து எட்டு வரைக்கும், மாலை நாலிலிருந்து ஏழு வரைக்கும் தானாக வேலை செய்யும்படி டைமர் வைத்து, கேட் தூணில் அதை மாட்டினார்கள். தூணுக்கும் ஏ பிளாக் தரைத்தள வீட்டின் படுக்கையறை ஜன்னலுக்கும் நடுவே பத்தடி இருக்கும்.

அட்டையைப் பார்த்ததுமே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உள்ளே இருந்தது கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு மலிவான ஸ்பீக்கர். அந்தச் சாமான் இருபத்தையாயிரத்தில் முணுமுணுக்கக்கூடத் தெம்பில்லாதது. எந்த ஸ்பீக்கருக்கும் தனக்குச் சௌகரியமான ஓர் இடம் உண்டு. நீங்கள் என்ன கேட்டாலும் அது அந்த இடத்தில்தான் கத்தும். இந்த ரகம் பதினாறாயிரம், பதினேழாயிரத்தில் கத்தும். அது நாய்க்குக் கேட்கும். குழந்தைக்கும் கேட்கும். இருபது, இருபத்தைந்து வயது வரைக்கும் பலருக்கு நன்றாகவே கேட்கும். வயது ஏற ஏறக் காது மேலேயிருந்து கீழாகக் கழன்றுகொண்டே வரும். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த உயரத்தில் ஒன்றுமே இருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரியும். பிளஸ் ஒன் அலைகள் பாடத்தில் வருஷா வருஷம் சொல்கிறேன்.

நாய்கள் முதல் நாள் எழுந்து ஓடின. இரண்டாம் நாள் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று முறைத்தன. ஐந்தாம் நாள் பெட்டிக்கு நேர் கீழே, நிழல் நன்றாக விழுகிறது என்று படுத்துக்கொண்டன. வில்பிரட் சார் இது தற்காலிகம் என்று அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினார்.

தரைத்தள வீட்டில் இருந்தவள் அபிகாயில். இருபத்தேழு வயது, அஞ்சு மாதக் கைக்குழந்தை. குழந்தைக்கு எபனேசர் என்று பெயர் வைத்து எபி என்று கூப்பிட்டார்கள். கணவன் ஆஸ்டின் நாவலூரில் ஒரு ஐடி கம்பெனியில் மேனேஜர். காலையில் ஆறு மணிக்கு முன்பே கம்பெனி பஸ் பிடிப்பான், வீடு திரும்ப எட்டாகிவிடும். அதாவது அந்தப் பெட்டி கத்துகிற அஞ்சு மணி நேரமும் அவன் வீட்டில் இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை இருந்தான், நாற்பத்தொரு வயதில், பதினெட்டு வருடம் ஹெட்செட் மாட்டின காதுக்கு அது கேட்கவில்லை.

எபி காலை ஆறு மணிக்கே அழுதுகொண்டு எழுவான், சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி அழ ஆரம்பிப்பான். ஏழு மணிக்கு நிறுத்துவான். முதலில் வயிற்றுவலி என்றார்கள். ஓம வாட்டர் கொடுத்தார்கள், டாக்டர் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார், ஆஸ்டினின் அம்மா போனிலேயே ஜெபம் பண்ணினார். அபிகாயில் தனக்கு ஒரு சத்தம் கேட்கிறது என்று சொன்னபோது, புருஷன் முதல் டாக்டர் வரைக்கும் ஒரே மாதிரி தலையைச் சாய்த்து, பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கம் இல்லை, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். டாக்டர் அவளுக்கும் ஒரு மாத்திரை எழுதினார்.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். நாலு நாள் எபி சாயங்காலமெல்லாம் தூங்கினான். ஐந்தாம் நாள் திரும்பி வந்தாள். ஆட்டோ எங்கள் கேட்டுக்குள் திரும்பியபோது மணி நாலேகால். வீறிட்ட சத்தம் இரண்டாம் மாடியில் எனக்குக் கேட்டது.

அந்த வாரம் வில்பிரட் சார் குரூப்பில் எழுதினார்: "சிறு குழந்தைகளை அழவிடாமல் வளர்ப்பது தாயின் பொறுப்பு. மற்றவர்களின் அமைதியும் முக்கியம்." கீழே கைகூப்புகிற படம். பதினோரு பேர் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. தூக்காததையே ஒரு வீரமாக நினைத்துக்கொண்டு தோசைக்கு அரைத்தேன்.

மறுநாள் அபிகாயில் நேரே அவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அவர் வாசலிலேயே நிறுத்திப் பேசினார். படிக்கட்டில் எங்களுக்கெல்லாம் கேட்டது. "இந்த பில்டிங்ல ஒரு சத்தம் இருந்தா முதல்ல யாருக்கும்மா கேக்கும்? எனக்குக் கேக்காத சத்தம் உனக்கு எப்படிக் கேக்கும்?"

அங்கிருந்து அவள் என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே என் பெண்கள் எட்டுப் பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"ஆன்ட்டி, பழைய டிவி ஆன் பண்ணா உய்ங்னு ஒண்ணு வருமே, அந்த மாதிரி. இன்னும் கூர்மையா. நீங்க பிசிக்ஸ் டீச்சர். உங்களுக்குக் கேக்குதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா" என்றேன்.

பொய் இல்லை. எனக்குக் கேட்கவில்லைதான். உண்மையை மட்டும் சொல்லி ஒருத்தியை இவ்வளவு சுத்தமாகக் கைவிட முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. அவள் சரி ஆன்ட்டி என்று இறங்கிப் போனாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். என் பெண்களில் ஜென்சி என்று ஒருத்தி. அதிகம் பேசமாட்டாள், மார்க்கும் அதிகம் வாங்கமாட்டாள். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"மிஸ், எங்களுக்கும் கேக்குது. ஜூன்லேருந்து கேக்குது. சொன்னப்ப கவனத்தை நோட்டுல வைங்கன்னு சொன்னீங்க. வயசானா மேல இருக்குற சத்தம் கேக்காதுன்னு நீங்கதான பாடம் எடுத்தீங்க? அந்த அக்காகிட்ட அதை ஏன் மிஸ் சொல்லல?"

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். டியூஷனை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில்தான் என்று பதினாறு வயதுப் பெண்களிடம் சொல்ல முடியுமா? அடுத்த கணக்கைப் போடச் சொன்னேன். அன்றைக்கு நான் போட்ட விடையும் தப்பு. யாரும் திருத்தவில்லை.

இரண்டு நாள் அந்தக் கேள்வியோடு கிடந்தேன். மூன்றாம் நாள், சனிக்கிழமை மதியம், அபிகாயில் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குக் கேட்பது உண்மைச் சத்தம், குழந்தைக்கும் கேட்கிறது, எனக்கு இது முதலிலிருந்தே தெரியும், டியூஷனுக்காகப் பேசாமல் இருந்தேன் என்று வரிசையாகச் சொன்னேன். அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "இப்ப என்ன பண்ணணும்?"

வழியை வில்பிரட் சாரே போட்டுக்கொடுத்திருந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் ஒரு விசேஷம். பழைய ஸ்பீக்கர்களின் தலைமேல் வைக்க, சூப்பர் ட்வீட்டர் என்று இரண்டு குட்டி ஸ்பீக்கர்களை வரவழைத்திருந்தார். நாற்பதாயிரம் அதிர்வு வரைக்கும் போகுமாம். அதற்குச் சின்ன ஜெபம், பிளம் கேக், மிக்சர், காபி. மனுஷக் காது எவ்வளவு நல்ல காதாக இருந்தாலும் இருபதாயிரத்தில் கடையைக் கட்டிவிடும். நாற்பதாயிரத்தில் ஒலிபரப்பினால் வௌவால் வந்து கேக் சாப்பிடலாம். ஆனால் பதினைந்து குடும்பங்கள் வந்திருந்தன. கேக் நன்றாக இருந்தது.

நான் பள்ளிக்கூட லேபிலிருந்து ஆசிலேட்டரைக் கொண்டுபோயிருந்தேன். குமிழைத் திருகினால் எத்தனை அதிர்வு வேண்டுமோ அத்தனை அதிர்வில் ஒலி கொடுக்கும் பெட்டி. என் பெண்களையும் கூட்டிப்போயிருந்தேன். உங்கள் ஸ்பீக்கர் எவ்வளவு தூரம் போகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாமா சார் என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவரே ஒயரை எடுத்து ஆம்பிளிஃபையரில் மாட்டிக்கொடுத்தார்.

ஒரு நிபந்தனை மட்டும் சொன்னேன். கேட்பவர் பெட்டிக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். சத்தம் கேட்கிற வரைக்கும் கையைத் தூக்கி வைத்திருக்க வேண்டும், நின்றால் இறக்க வேண்டும். ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் ஒப்பிட முடியாது என்று சொல்லி, வில்பிரட் சார் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அபிகாயிலை உட்காரவைத்தேன். அவர் அவளைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சிரித்தார். ஆஸ்டின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போயிருந்தான். அப்படி ஏற்பாடு.

ஆயிரத்தில் ஆரம்பித்தேன். இரண்டு கைகளும் உயர்ந்தன. நிறுத்தினேன், இறங்கின. நாலாயிரம், ஏழாயிரம், அப்படியே. ஒன்பதாயிரத்தில் அவளுடைய கை உடனே எழுந்தது. அவருடைய கை அவள் புடவை சரசரத்த பிறகு எழுந்தது. பதினோராயிரத்தில் எனக்கே ஒன்றும் கேட்கவில்லை. அளவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஜென்சி எனக்குத் தலையாட்டினாள். அபிகாயிலின் கை மேலே இருந்தது. அவர் கையும் மேலே இருந்தது. தாடையைச் சற்றே உயர்த்தி, கண்ணை மூடி, காற்றை ரசித்துக்கொண்டிருந்தார்.

அப்போது நான் ஆசிலேட்டரை அணைத்துவிட்டேன். சுவிட்சில் அல்ல, பிளக்கையே பிடுங்கினேன்.

அபிகாயிலின் கை இறங்கியது. அவர் கை மேலேயே இருந்தது. ஐந்து நொடி, பத்து நொடி. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிடுங்கின பிளக் என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் விரலை மெல்ல அசைத்து, "ப்யூர்" என்றார்.

இது தேவையில்லாத கொடுமை என்று எனக்குத் தெரியும். நேரே பதினாறாயிரத்துக்குப் போயிருந்தாலே பிள்ளைகளின் முகத்தில் விஷயம் நிரூபணமாகியிருக்கும். செய்தேன். இன்னொரு முறை வாய்த்தாலும் செய்வேன்.

யாரோ ஒரு குழந்தை சிரித்தது. அவர் திரும்பிப் பார்த்தார். பிளக்கையும் என் கையையும் பார்த்தார். நான் பிளக்கை மாட்டி, குமிழைப் பதினாறாயிரத்து ஐந்நூறுக்குத் திருப்பினேன், சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான். என் பெண்கள் எட்டுப் பேரும் முகத்தைச் சுளித்தார்கள். வந்திருந்த சின்னப் பிள்ளைகள் கையால் காதைப் பொத்தினார்கள். ஒரு பெண் குழந்தை அம்மாவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பெரியவர்கள் காபி டம்ளரும் கையுமாக, என்ன நடக்கிறது என்று புரியாமல் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அணைத்தேன். அபிகாயில் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றாள்.

"இதுதான் அங்கிள். ரெண்டு மாசமா, தினம் அஞ்சு மணி நேரம். என் ஜன்னலுக்கு வெளிய."

வில்பிரட் சார் முதலில் ஆசிலேட்டரைக் குறை சொன்னார். பள்ளிக்கூட லேப் சாமான், சுத்தமான ஒலி வராது. பிறகு ஹாலில் ஆட்கள் அதிகம் என்றார். பிறகு கேக் சாப்பிட்டதும் காது அடைத்துக்கொண்டது என்றார். அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. அப்போது ரத்தினபாய் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். அந்த வீட்டில் அவர் குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"மூணு வருஷமா கிச்சன்லேருந்து கூப்பிட்டா நீங்க திரும்பவே மாட்டீங்க. நான் வேணும்னுதான் பண்றீங்கன்னு நெனச்சேன். கோவத்துல நானும் பேசறத நிறுத்திட்டேன்."

அவர் மனைவியைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாக நடிப்பு இல்லை. பயம் மட்டும் இருந்தது. எனக்கு ஒரு நிமிடம் பரிதாபமாக இருந்தது. ஒரு நிமிடம்தான். அதற்குமேல் இருக்க அவரே விடவில்லை.

மறுநாள் பெட்டியைத் தூணிலிருந்து கழற்றினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டம். நான் பெட்டியைக் குப்பையில் போடுவார்கள் என்று நினைத்துப் போனேன். ஆனால் படித்தவர்கள் பொருளை வீணாக்கமாட்டார்கள். முன்பக்கம் நம் குழந்தைகள் இருப்பதால், பெட்டியைப் பின்பக்கச் சுவரில் வெளியே பார்த்து மாட்டலாம் என்று வில்பிரட் சார் தீர்மானம் கொண்டுவந்தார். பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் முனிரத்தினம் என்பவர் வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீடுகள். பத்து ஒற்றை அறைகள். எங்கள் படிக்கட்டைப் பெருக்கும் புஷ்பம் அதில் ஒன்றில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகளோடு.

அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்களே என்று எழுந்து சொன்னேன். வில்பிரட் சார் பொறுமையாக விளக்கினார்: "அவங்கல்லாம் சத்தத்துக்குப் பழகினவங்க டீச்சர்." போன வாரம் தங்கள் பிள்ளைகள் காதைப் பொத்தியதைக் கண்ணால் பார்த்த அதே பெற்றோர்கள் கையைத் தூக்கினார்கள். பத்தொன்பது ஓட்டு. எதிர்த்தது நாங்கள் மூன்று பேர்: நான், அபிகாயில், அப்புறம், நான் எதிர்பார்க்கவே இல்லை, ரத்தினபாய். ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று சொல்லி அவர் கையைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆஸ்டின் அபிகாயிலின் முழங்கையைப் பிடித்து உட்காரச் சொன்னான். அவள் கையை விடுவித்துக்கொண்டு, கூட்டம் முடிகிற வரைக்கும் நின்றுகொண்டே இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பெட்டியைப் பின்சுவரில் மாட்டினார்கள். வெள்ளிக்கிழமை காலை புஷ்பம் வேலைக்கு வந்தபோது, தன் பெரிய பெண்ணுக்கு மூன்று நாளாகத் தலைவலி என்று அபிகாயிலிடம் சொல்லியிருக்கிறாள். அபிகாயில் எபியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்பக்கம் போனாள், பிளக்கைப் பிடுங்கினாள், சமையலறைக் கத்தரியால் ஒயரை இரண்டாக வெட்டினாள். பிறகு அவளே குரூப்பில் எழுதினாள்: "ஒயரை நான்தான் வெட்டினேன். அபிகாயில், A-2."

குரூப் பற்றி எரிந்தது. பொதுச் சொத்து, சட்டம், நாகரிகம், கிறிஸ்தவப் பெண்ணின் அடக்கம் எல்லாம் வந்தன. விளக்கம் கேட்டு லெட்டர்ஹெட்டில் கடிதம் போனது. மறுநாளே புது ஒயர் இழுத்து, பெட்டிக்கு இரும்புக் கூண்டு அடித்து, பூட்டும் போட்டார்கள். நாய் விரட்டிக்குப் பூட்டுப் போட்ட முதல் ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும். நாய்கள் முன்பக்கத் தூணடியிலேயே நிம்மதியாகப் படுத்திருந்தன.

அபிகாயில் விளக்கம் எழுதவில்லை. புஷ்பத்தைக் கூட்டிக்கொண்டு முனிரத்தினத்தின் வீட்டுக்குப் போனாள். என்னையும் வரச் சொன்னாள், போனேன். முனிரத்தினம் இந்த ஊரின் பழைய குடும்பம். எங்கள் குடியிருப்பு நிற்கிற இடமே ஒரு காலத்தில் அவர் அப்பா நெல் போட்ட நிலம். நான் அலைநீளம், அதிர்வெண் என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, புஷ்பத்தைப் பார்த்தார். புஷ்பம் சொன்னாள்: "கொயந்தைங்க காதப் பொத்திகினு குந்திகினுகீது அண்ணா. ராவானாதான் வெளையாடுதுங்க. பக்கத்து ரூம்காரி வூட்ட காலி பண்றேன்றா. நானும் வேற எடம் பாத்துகினுதான் கீறேன்."

அவருக்கு அலைநீளம் புரியவில்லை. காலி பண்ணுவது புரிந்தது.

அன்று சாயங்காலமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வில்பிரட் சாரைக் கீழே வரவழைத்தார். பால்கனிகளில் நாங்கள் எல்லோரும் நின்றோம்.

"இன்னா சார், எங்க சொவுத்துப் பக்கம் இன்னாவோ மாட்டிகீறீங்களாமே. எனக்கு அந்த சவுண்டு கேக்கல. கேக்கவும் வாணாம். நாளைக்கு அது அங்க இருந்துச்சுன்னா, உங்க தண்ணி லாரி என் ஜாகா வயியா வராது. அவ்ளோதான்."

எங்கள் முன்பக்கத் தெரு மழைநீர்க் கால்வாய்க்காக ஆறு மாதமாகத் தோண்டிக் கிடக்கிறது. லாரிக்கு முனிரத்தினத்தின் இடத்தை விட்டால் வேறு வழி கிடையாது. ஆசிலேட்டரும், அளவியும், காதைப் பொத்திய சின்னக் கைகளும் செய்யாததை ஒரு தண்ணி லாரி பத்து நிமிடத்தில் செய்தது. சாவி கிடைக்கவில்லை என்று பூட்டை உடைத்தே கழற்றினார்கள். தீர்மானம், ஓட்டு, லெட்டர்ஹெட் எதைப் பற்றியும் யாரும் பேசவில்லை. பத்தொன்பது பேரும் மொட்டைமாடி டேங்கில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் காது குளிரக் கேட்டுவிட்டுத் தூங்கப் போனார்கள்.

அடுத்த வாரம் எனக்குக் கடிதம் வந்தது. குடியிருப்புக்குள் டியூஷன் கூடாது. எதிர்பார்த்ததுதான். ராதா நகரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அறை எடுத்தேன். விசிறி ஓடும்போது மேஜை ஆடும். எட்டுப் பெண்களில் ஏழு பேர் வந்தார்கள். வராத ஒருத்தியின் அப்பா அசோசியேஷன் பொருளாளர்.

ரத்தினபாய் கணவரைத் தாம்பரத்தில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனார். இரண்டு காதுக்கும் மிஷின் கொடுத்தார்கள். பேச்சைக் கேட்க அது போதும். எட்டாயிரத்துக்கு மேல் அந்தச் சின்ன ஸ்பீக்கர் போகாது, அவர் காதுக்கும் அதற்கு மேல் வேலை இல்லை. ஆனால் வில்பிரட் சார் சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம், மிஷின் பரவாயில்லை, ஆனால் மேல்ஸ்தாயியில் தரம் பத்தாது, என்னைப் போன்ற காதுக்கு அது சரிப்படாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். அடுத்த மாதம் செயலாளர் தேர்தல். அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

அபிகாயில் கொஞ்ச நாள் ஆஸ்டினோடு பேசவில்லை என்று புஷ்பம் சொன்னாள். பிறகு ஒரு நாள் அவன் சீக்கிரமே வந்து, நாலு மணிக்குக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் செம்பாக்கம் ஏரிப் பக்கம் கூட்டிப்போனதைப் பார்த்தேன். எபிக்குப் பல் முளைத்துவிட்டது. இப்போது அழுதால் சாதாரணக் குழந்தை மாதிரி அழுகிறான், கொஞ்சினால் நிறுத்துகிறான்.

படிக்கட்டில் என்னைப் பார்த்தால் அவள் சிரிப்பாள். குட்மார்னிங் ஆன்ட்டி என்பாள். நின்று பேசமாட்டாள். புஷ்பத்திடம் அரை மணி நேரம் நின்று பேசுகிறவள்தான். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு வாயில்லை. நானும் குட்மார்னிங் சொல்லிவிட்டு ஜெராக்ஸ் கடைக்கு நடக்கிறேன்.